வாசகர் கேள்வி – பதில்: பூட்டிய கதவும் ஐந்து டாலர் கூலியும்

போன இதழில் 1911-ல் நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனியில் பிடித்த தீயைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். தீ விபத்தைத் தாண்டி அந்தக் காலத்து அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் எப்படி இருந்தார்கள், கூலி என்ன, யாருக்கு ஓட்டு இருந்தது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். அந்தக் கம்பெனியில் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உள்ளே ஆட்கள் வேலை செய்யும்போது யாராவது பூட்டுவார்களா? முதலாளிகளுக்குத் தண்டனை கிடைத்ததா? (வாசகி, திருப்பூர்)

பதில்: பூட்டினார்கள் சகோதரி. அது அங்கே வழக்கமாகவே இருந்தது. ஆஷ் பில்டிங் என்ற பத்து மாடிக் கட்டடத்தில் மேல் மூன்று மாடிகளில் அந்தக் கம்பெனி இருந்தது. வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 500 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பங்களையும் இத்தாலியக் குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது ஒவ்வொருத்தியும் கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும், துண்டுத் துணியோ லேஸோ எடுத்துப் போகிறாளா என்று வாட்ச்மேன் பார்ப்பான். எல்லாரும் ஒரே வழியாகப் போனால்தான் இப்படிச் சோதனை போட முடியும். அதனால் கிரீன் தெருப் பக்கப் படிக்கட்டு மட்டும் திறந்திருக்கும், வாஷிங்டன் பிளேஸ் பக்கக் கதவுக்குப் பூட்டு. அப்படி எவ்வளவு சரக்குத்தான் திருடு போனது என்று பின்னால் கோர்ட்டில் கேட்டார்கள். 25 டாலரைத் தாண்டாது என்று முதலாளிகளில் ஒருவரே ஒப்புக்கொண்டார்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை, சாயங்காலம் 4.40 மணி. இன்னும் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்து மணி அடித்திருக்கும். 8-வது மாடியில் கட்டிங் டேபிளுக்கு அடியில் குவிந்து கிடந்த துண்டுத் துணியில் நெருப்பு பற்றியது. பெண்கள் மேல்சட்டைக்கு வெட்டுகிற மெல்லிசுப் பருத்தித் துணி எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 8-வது மாடியிலிருந்து 10-வது மாடிக்கு, அதாவது முதலாளிகள் இருந்த மாடிக்கு, போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள், அங்கே இருந்தவர்கள் மொட்டை மாடிக்கு ஏறிப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்த் தப்பித்தார்கள். நடுவில் இருந்த 9-வது மாடிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. நெருப்பு தங்கள் மாடிக்கே வந்த பிறகுதான் அந்தப் பெண்களுக்குத் தெரியும். கிரீன் தெருப் படிக்கட்டைப் புகையும் நெருப்பும் அடைத்துவிட்டது, எதிர்ப்பக்கம் ஓடினால் கதவு பூட்டியிருக்கிறது. வெளியே இருந்த இரும்பு ஏணி பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. லிஃப்ட் ஓட்டிய இரண்டு பேர், ஜோசப் ஜீட்டோ, காஸ்பர் மோர்ட்டில்லாரோ, நெருப்புக்குள் திரும்பத் திரும்ப ஏறிப் போய் முடிந்தவரை ஆட்களை இறக்கினார்கள், அவர்கள் பெயரையாவது நாம் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். தீயணைப்பு வண்டி வந்தது, ஆனால் அதன் ஏணி 6-வது மாடி வரைதான் எட்டியது. ஜன்னலில் நின்ற பெண்கள் குதித்தார்கள். எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது, 146 பேர் செத்தார்கள், அதில் 123 பேர் பெண்கள்.

மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் என்ற அந்த இரண்டு முதலாளிகள் மேல் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது என்று நிரூபித்தால் போதாது, அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்றும் நிரூபிக்க வேண்டும் என்று நீதிபதி ஜூரிகளிடம் சொன்னார். 1911 டிசம்பரில் இருவரும் விடுதலை. 1914-ல் சிவில் வழக்கில் ஒரு உயிருக்கு 75 டாலர் என்று முடித்தார்கள். அதைவிடப் பல மடங்கு பணம் இன்சூரன்சில் அவர்கள் கைக்கு ஏற்கெனவே வந்திருந்தது. 1913-ல் பிளாங்க் தன்னுடைய இன்னொரு ஃபாக்டரியிலும் கதவைப் பூட்டி வைத்து மாட்டிக்கொண்டார், அதற்கு அபராதம் 20 டாலர். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

ஆனால் இந்தக் கதையைத் தீயில் ஆரம்பித்துத் தண்டனையில் முடிப்பது சரியில்லை. ஒன்றரை வருஷம் முன்னாலேயே, 1909 நவம்பரில், நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மண்டபத்தில் தையல் தொழிலாளர் கூட்டம் நடந்தது. தலைவர்கள் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுப் பெண், போராட்டத்தில் நின்றதற்காக அடியாட்கள் அடித்து விலா எலும்பு முறிந்தவர், எழுந்து மேடைக்குப் போய், ஐரோப்பிய யூதர்கள் பேசும் யிட்டிஷ் மொழியில் பேசினார், பேச்செல்லாம் போதும், பொது வேலைநிறுத்தம் என்று தீர்மானம் போடுவோம் என்று. மறுநாளிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், வேலையை நிறுத்தினார்கள். பல கம்பெனிகள் இறங்கி வந்தன. ட்ரையாங்கிள் கடைசி வரை யூனியனை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பெண்கள் முன்கூட்டியே கேட்டதைக் கொடுத்திருந்தால் 146 பேரில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தீ எரிந்த அன்று பக்கத்திலிருந்த ஒரு வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி சத்தம் கேட்டு ஓடி வந்து, பெண்கள் குதிப்பதைக் கண்ணால் பார்த்தார். அடுத்த சில வருஷங்கள் நியூயார்க் மாகாணம் அமைத்த தொழிற்சாலை விசாரணைக் கமிஷனோடு ஃபாக்டரி ஃபாக்டரியாக ஏறி இறங்கினார். 30-க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வேலை நேரத்தில் பூட்டக் கூடாது, தண்ணீர் தெளிப்பான் வேண்டும், தீயணைப்புப் பயிற்சி நடத்த வேண்டும், இப்படி. அந்தப் பெர்கின்ஸ்தான் 1933-ல் தொழிலாளர் துறை அமைச்சரானார், அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண் அவர். உங்கள் கம்பெனியில் அவசர வழிக் கதவு திறந்திருக்கிறதா என்று தயவுசெய்து ஒரு முறை பாருங்கள். பூட்டியிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளர்களுக்கு ஒரே நாளில் கூலியை இரண்டு மடங்காக்கினார் என்று எங்கள் எம்பிஏ வகுப்பில் சொன்னார்கள். எல்லா முதலாளிகளும் மோசம் இல்லை அல்லவா? (மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: இரண்டு மடங்காக்கினது நிஜம். 1914 ஜனவரி 5-ஆம் தேதி அறிவித்தார், எட்டு மணி நேர வேலைக்கு நாளுக்கு ஐந்து டாலர். அதுவரை ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டாலர். இதனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நல்ல வீட்டுக்குப் போனார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் கொடுத்தார் என்று உங்கள் வகுப்பில் சொன்னார்களா?

1913-ல்தான் அவருடைய ஹைலண்ட் பார்க் கார் ஃபாக்டரியில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் வேலை, அதாவது காரின் அடிச்சட்டத்தைப் பூட்டுகிற வேலை, 93 நிமிஷத்துக்கு இறங்கியது. ஒருத்தன் நாள் முழுக்க ஒரே நட்டை முடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, லைன் போகிற வேகத்தை அவன் முடிவு செய்ய முடியாது. மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்? சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். ஏறக்குறைய 14,000 பேர் வேலை செய்கிற ஃபாக்டரியில் அந்த ஆட்களை நிறுத்தி வைக்க 1913-ல் மட்டும் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டி வந்தது. அந்த நிலைமையில் வந்ததுதான் ஐந்து டாலர். கூலியை உயர்த்த வைத்தது வேலையை உதறிவிட்டுப் போன அந்தத் தொழிலாளிகள் என்றுதான் நான் சொல்வேன்.

அறிவிப்பு வந்ததும் டெட்ராய்ட்டில் கொட்டுகிற குளிரில் ஆயிரக்கணக்கான பேர் கேட்டில் வந்து நின்றார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள், ஜனவரி மாசம், உடம்பில் துணி விறைத்துப் போகிற குளிர்.

அப்புறம் அந்த ஐந்து டாலரில் பாதிதான் கூலி, மீதி லாபப் பங்கு. அந்தப் பங்குக்கு நிபந்தனை உண்டு. சமூகவியல் துறை என்று கம்பெனியே ஒரு துறை வைத்து, அதன் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே வருவார்கள். குடிக்கிறாயா, பாங்கில் எவ்வளவு சேமித்திருக்கிறாய், வீடு சுத்தமாக இருக்கிறதா, வெளியாட்களை வீட்டில் வாடகைக்குத் தங்க வைத்திருக்கிறாயா என்று நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். சரியில்லை என்றால் பங்கு நிறுத்தி வைக்கப்படும். பெண்களுக்கு ஆரம்பத்தில் இந்தத் திட்டமே கிடையாது, இரண்டு வருஷம் கழித்துத்தான் சேர்த்தார்கள். கறுப்பினத் தொழிலாளிகளை மற்ற கார் கம்பெனிகளைவிட ஃபோர்டு அதிகம் எடுத்தார், அதே கூலியும் கொடுத்தார், ஆனால் பெரும்பாலானவர்களை இரும்பு உருக்கி வார்க்கிற ஃபவுண்டரியில்தான் போட்டார்கள். இருக்கிறதிலேயே சூடான, ஆபத்தான இடம் அதுதான்.

கேள்வி: அமெரிக்காவிலும் குழந்தைத் தொழிலாளர்கள் இருந்தார்களா? நம்ப முடியவில்லை. (ஆசிரியை, சிவகாசி)

பதில்: 1900-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் 10 முதல் 15 வயது வரை வேலை செய்த பிள்ளைகள் 17 லட்சத்துக்கும் மேல். பத்து வயதுக்குக் கீழே இருந்தவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. தெற்கே நூல் மில்களில் பாபின் மாற்றுகிற வேலைக்குச் சின்னப் பிள்ளைகளைத்தான் வைத்தார்கள், மெஷின் உயரத்துக்கு எட்டாதவர்கள் அதன் மேலேயே ஏறி நின்று மாற்றினார்கள். பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில் பையன்கள் பலகையில் குனிந்து உட்கார்ந்து, காலுக்கடியில் சரிந்து ஓடுகிற கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எடுப்பார்கள். நாள் முழுக்க அதே வேலை. தூசியில் பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியாது.

இதை நாட்டுக்குக் காட்டியவர் லூயிஸ் ஹைன், பள்ளி ஆசிரியராக இருந்தவர், டீச்சர், உங்கள் தொழில்காரர்தான். 1908-லிருந்து தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் பைபிள் விற்க வந்தேன், மெஷினைப் படம் எடுக்க வந்தேன் என்று ஏதாவது சொல்லி நுழைவார். தன் கோட்டுப் பட்டன் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரியும், பிள்ளை எந்தப் பட்டன் வரைக்கும் வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணித்துக்கொள்வார். பாக்கெட்டுக்குள் கையை விட்டு, வெளியே தெரியாமல் பேரையும் வயதையும் குறித்துக்கொள்வார்.

1916-ல் சட்டம் வந்தது. ஃபாக்டரியில் 14 வயதுக்குக் கீழே கூடாது, சுரங்கத்தில் 16 வயதுக்குக் கீழே கூடாது, மீறிச் செய்த சரக்கை மாகாணம் விட்டு மாகாணம் அனுப்பக் கூடாது. வட கரோலினாவில் டேகன்ஹார்ட் என்ற மில் தொழிலாளி தன் இரண்டு பையன்களின் சம்பளம் போய்விடும் என்று கேஸ் போட்டார், பின்னால் இருந்து செலவு செய்தவர்கள் மில் முதலாளிகள். 1918-ல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டது. சில வருஷம் கழித்து ஒரு பத்திரிகைக்காரர் அந்தப் பையன்களில் ஒருவனான ரூபனைத் தேடிப் போய், ஜெயித்ததில் உனக்கு என்னப்பா கிடைத்தது என்று கேட்டார். காரில் கூட்டிப் போனார்கள், கோகோ கோலா வாங்கிக் கொடுத்தார்கள் என்றான். அதோடு நிறுத்தவில்லை, எனக்குப் படிப்பு போய்விட்டதே என்றும் வருத்தப்பட்டுச் சொன்னான்.

நிலைத்து நின்ற சட்டம் 1938-ல்தான் வந்தது. அதிலும் வயலில் வேலை செய்கிற பிள்ளைகளுக்குப் பெரிய ஓட்டை விட்டு வைத்தார்கள்.

கேள்வி: அடிமை முறை 1865-லேயே ஒழிந்துவிட்டது. அப்புறம் ஏன் ஐம்பது வருஷம் கழித்துக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் தெற்கை விட்டு வடக்கே போனார்கள்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. அடிமை முறை போனது, நிலம் மட்டும் பழைய எஜமானர்களிடமே தங்கிவிட்டது. நிலம் இல்லாதவன் வாரத்துக்குத்தான் உழ வேண்டும், உங்கள் ஊர்க்காரர்களுக்கு வாரம் என்றால் என்னவென்று தெரியும். விளைந்த பருத்தியில் பாதி நிலச்சொந்தக்காரனுக்கு. விதை, உரம், கோவேறு கழுதை, சாப்பிட மாவு, பன்றிக் கொழுப்பு, துணி எல்லாம் வருஷம் முழுக்கப் பண்ணைக் கடையில் கடன். கணக்கு நோட்டு கடைக்காரனிடம், கடைக்காரன் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரனேதான். மார்கழி வாக்கில் கணக்குத் தீர்க்கிற நாளில் குடும்பத் தலைவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான், இந்த வருஷம் நல்ல விளைச்சல், ஆனாலும் கடன் போக மீதி ஒன்றும் இல்லை, போன வருஷத்துப் பாக்கியும் இருக்கிறது என்பார்கள். எதிர்த்துக் கேட்டால்? 1919-ல் அர்க்கன்சாசில் எலேன் என்ற ஊர்ப் பக்கம் வாரக்காரர்கள் சங்கம் சேர்ந்து நியாயமான கணக்குக் கேட்கலாம் என்று ஒரு சர்ச்சில் கூடினார்கள், அதற்குப் பதிலாக நடந்தது படுகொலை. செத்தவர்கள் எத்தனை பேர் என்று சரியாக எண்ணக்கூட இல்லை.

இதற்கு மேல், கறுப்பினத்தவரைத் தனியாகப் பிரித்து வைத்த ஜிம் க்ரோ சட்டங்கள். தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளிக்கூடம், தனிக் குடிதண்ணீர்க் குழாய். தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று 1896-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, ஆனால் எங்கேயும் சமமாக இல்லை. ஓட்டையும் பிடுங்கினார்கள். லூசியானாவில் 1896-ல் கறுப்பின வாக்காளர்கள் 1,30,000-க்கு மேல், 1904-ல் வெறும் 1,342. நடுவில் அவர்கள் யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரிகிறதா என்று சோதனை, ஓட்டுப் போட வரி, சொத்து நிபந்தனை, இதையெல்லாம் கொண்டு வந்தார்கள். ஏழை வெள்ளைக்காரர்கள் இதில் மாட்டக் கூடாது என்பதற்காக, 1867-க்கு முன் உன் அப்பாவோ தாத்தாவோ ஓட்டுப் போடத் தகுதி பெற்றிருந்தால் உனக்குச் சோதனை இல்லை என்று விதி எழுதினார்கள். அந்த வருஷத்துக்கு முன்னால் கறுப்பினத்தவர் யாருக்கும் அங்கே ஓட்டு இல்லை. கும்பலாகப் பிடித்துக் கொண்டு போய்த் தூக்கில் போடுகிற கொடுமை வேறு. ஐடா பி. வெல்ஸ் என்ற பெண் பத்திரிகையாளர் அதை ஊர், தேதி, பெயரோடு தொகுத்து எழுதினார். அவருடைய மெம்பிஸ் பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள்.

இவ்வளவும் பொறுத்தவர்களுக்கு 1914 வாக்கில் ஒரு வழி திறந்தது. ஐரோப்பாவில் யுத்தம் வந்ததும் அங்கிருந்து வருகிற ஆட்கள் நின்றுபோனார்கள். 1914-ல் 12 லட்சம் பேர் வந்த இடத்தில் மறுவருஷம் 3 லட்சம் சொச்சம்தான். சிகாகோ இறைச்சிக் கூடங்களுக்கும் பிட்ஸ்பர்க் இரும்பாலைகளுக்கும் ஆள் வேண்டும். தெற்கிலோ கூன்வண்டு பருத்தியைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. ராபர்ட் அபட் என்பவர் 1905-ல் ஆரம்பித்த சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகை, வடக்கே வாருங்கள் என்று வாரா வாரம் எழுதியது. ரயிலில் தூங்கும் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பின போர்ட்டர்கள் அதைக் கட்டுக்கட்டாகத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், முடி வெட்டும் கடையிலும் சர்ச்சிலும் ஒருத்தர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பண்ணைக்காரர்கள் பயந்துபோனார்கள். ஜார்ஜியாவின் மேக்கன் நகரம், வேலைக்கு ஆள் சேர்க்க வருகிற ஏஜென்ட் லைசென்ஸ் வாங்க 25,000 டாலர் கட்ட வேண்டும் என்று விதி போட்டது. சில ஊர்களில் போலீஸ் ரயிலிலிருந்தே ஆட்களை இறக்கியது. இருந்தும் போனார்கள். சிகாகோவில் 1910-ல் 44,000 ஆக இருந்த கறுப்பின மக்கள் 1920-ல் 1,09,000.

வடக்கு சொர்க்கமா என்றால் இல்லை. ஓட்டுப் போடலாம், டிராமில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், கூலி ரொக்கமாகக் கையில் வரும், பிள்ளை வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகலாம். ஆனால் வீடு மட்டும் சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் ஒரு குறுகிய பட்டைக்குள்தான் கிடைக்கும், அதற்கு வாடகையும் கூடுதல். 1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் நண்பர்களோடு மிச்சிகன் ஏரியில் தெப்பம் கட்டி மிதந்துகொண்டிருந்தான். தண்ணீரில் கோடு எதுவும் கிடையாது, ஆனால் இந்தப் பக்கம் கறுப்பர், அந்தப் பக்கம் வெள்ளையர் என்று கரையில் ஒரு வழக்கம். தெப்பம் அந்தப் பக்கம் நகர்ந்தது, கரையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கல்லெறிந்தார், பையன் மூழ்கிச் செத்துப்போனான். கல்லெறிந்த ஆளைக் கைது செய்யச் சொன்னபோது அங்கே நின்ற போலீஸ்காரர் மறுத்துவிட்டார். பிறகு மூண்ட கலவரத்தில் 38 பேர் செத்தார்கள், 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர், காயம்பட்டவர்கள் 500-க்கும் மேல். அதற்குப் பிறகும் தெற்கிலிருந்து வருகிற ரயில்கள் நிறைந்தேதான் வந்தன என்பதை யோசித்தால், அவர்கள் விட்டுவிட்டு வந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று புரியும்.

கேள்வி: அந்தக் காலத்தில் பணக்காரர்களுக்கு வரியே இல்லை என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

பதில்: 1913 வரை வருமான வரி நிலையாக இல்லை. 1894-ல் கொண்டு வந்ததை மறுவருஷமே சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது, அதனால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. 1913-ல் வந்த வரியில் 3,000 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 1 சதவீதம், 5 லட்சம் டாலருக்கு மேலே போனால் 7 சதவீதம். ஆலைத் தொழிலாளிக்கு வருஷத்துக்கு ஆயிரம் டாலர்கூட வராத காலம் என்பதால் சாதாரண ஜனங்களை அது தொடவே இல்லை. யுத்தச் செலவு வந்ததும் 1918-ல் உச்ச வரி 77 சதவீதம் ஆனது.

கேள்வி: 1920-ல் அமெரிக்கப் பெண்கள் எல்லாருக்கும் ஓட்டு கிடைத்துவிட்டதா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: சட்டத்தில் கிடைத்தது. தேவைப்பட்ட 36-வது மாகாணமாக டென்னசி ஒப்புதல் கொடுத்ததால்தான் அந்த அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது, அங்கே ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர், எதிர் அணியின் சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தவர், கடைசி நேரத்தில் ஆதரித்து ஓட்டுப் போட்டார். பாக்கெட்டில் அவர் அம்மாவின் கடிதம் இருந்தது, ஆதரித்து ஓட்டுப் போடு, அவர்களைச் சந்தேகத்தில் வைக்காதே என்று எழுதியிருந்தார் அந்த அம்மா. எழுபது வருஷத்துக்கு மேல் பெண்கள் ஊர்வலம் போய், ஜெயிலுக்குப் போய், உண்ணாவிரதம் இருந்து சேர்த்து வைத்த பலத்தில்தான் அந்த ஒரு ஓட்டு எடுபட்டது, அதை மறந்துவிட்டு மகன் கதையை மட்டும் சொல்கிறவர்கள் உண்டு.

ஆனால் தெற்கில் கறுப்பினப் பெண்கள் பதிவு செய்யப் போனபோது மேலே சொன்ன அதே சோதனையும் அதே வரியும் அவர்களுக்கும் காத்திருந்தன. 1965 வரைக்கும் அப்படித்தான். அமெரிக்கப் பழங்குடியினருக்கு 1924-ல்தான் எல்லாருக்கும் குடியுரிமையே வந்தது, ஓட்டு அதற்கும் பின்னால். இன்னொரு விஷயம் கேளுங்கள், 1907 சட்டப்படி அமெரிக்கப் பெண் வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் அவள் குடியுரிமை போய்விடும். ஆணுக்கு அப்படி இல்லை. 1922-ல் அதைத் தளர்த்தினார்கள், ஆனால் குடியுரிமை பெறத் தகுதி இல்லாத ஆசியரைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்குத் தளர்த்தவில்லை.

கேள்வி: அப்போது அங்கே நம் நாட்டுக்காரர்கள் யாராவது இருந்தார்களா? அவர்களை எப்படி நடத்தினார்கள்? (வாசகர், சென்னை)

பதில்: இருந்தார்கள். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பல்கலைக்கழகம் இருப்பது ஹார்லத்தை ஒட்டி, தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் ஹார்லத்தில் குடியேறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. 1946-ல் அவர் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்கே கடிதம் எழுதினார், ஐ.நா.வுக்கு உங்கள் மக்கள் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டு. டு போய்ஸ் பதிலும் எழுதினார்.

மேற்குக் கரையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள், மரம் அறுக்கும் மில்லிலும் பழத்தோட்டத்திலும் வேலை. 1917-ல் இந்தியாவிலிருந்து புதிதாகக் கூலி வேலைக்கு யாரும் வர முடியாதபடி சட்டம் போட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டார். 1923-ல் சுப்ரீம் கோர்ட், சாதாரண ஆள் வெள்ளையர் என்று சொன்னால் மனசில் நினைக்கிறது உங்களை இல்லை என்று மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பை வைத்து ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் திருப்பிப் பிடுங்க ஆரம்பித்தார்கள்.

வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் 1915-ல் மனைவி கலாவோடும் மூன்று பையன்களோடும் சான் பிரான்சிஸ்கோ வந்து கடை வைத்திருந்தார். 1921-ல் குடியுரிமை வாங்கினார், பிடுங்கிக்கொண்டார்கள். சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையும் கூடவே போனது. இந்தியாவுக்குப் போய்வர பாஸ்போர்ட் கேட்டபோது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் போ என்றார்கள். எந்த ஆட்சியிலிருந்து விடுபட்டு வந்தாரோ அதே ஆட்சியின் பாஸ்போர்ட். 1928-ல் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டார். கலா பகாய் மூன்று பிள்ளைகளையும் வளர்த்துப் படிக்க வைத்தார். இந்தியர்களும் குடியுரிமை பெறலாம் என்று 1946-ல் சட்டம் மாறியது, புதிதாக வருபவர்களுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்ற வரம்போடு. அதன்படி கலா விண்ணப்பம் போட்டு அமெரிக்கக் குடிமகள் ஆனார். பெர்க்லி நகரில் ஒரு தெருவுக்கு இன்று அவர் பெயர்.